கொலுப்படியில் ஜெர்மன் ராஜகுமாரி

இந்தச் சித்திரையில் பூந்தமல்லி ரோட்டில் மறுபடியும் வண்டிகள் வரிசையாகப் போனபோது, நம் வயதுக்காரர்கள் எத்தனை பேருக்கு அந்தப் பழைய புரட்டாசி ஞாபகம் வந்ததோ தெரியவில்லை. எனக்கு வந்தது. அதே ரோடு. அதே மாதிரி கவிழ்த்துக் கட்டின கட்டில், அதன்மேல் அண்டா, அதற்கும் மேல் ஒரு கோழிக்கூடை. அப்போது ஜெர்மன்காரனுக்குப் பயந்து ஓடி வந்தார்கள், இப்போது ஜப்பான்காரனுக்கு. அப்போது நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவள். இப்போது பட்டணத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு அம்பத்தூரில் வாடகைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் என் மகளை அடித்துவிட்டேன். பத்து வயது. அதற்கு முன் அவள்மேல் கை வைத்ததில்லை. என் தம்பி ஜெர்மனியில் யுத்தக் கைதியாக இருக்கிறான். பாலைவனத்தில் அவன் இருந்த பிரிவு பிடிபட்டதாகத் தந்தி வந்த பிறகு பதினாறு மாதம் ஒரு தகவலும் இல்லை. போன வாரம்தான் அவன் கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது. என் மகள் தபால் முத்திரை, தீப்பெட்டிப் படம், சிகரெட் அட்டை எல்லாம் சேர்க்கிறவள். நான் இரண்டாம் தடவை படித்து முடிப்பதற்குள், கார்டின் மூலையில் இருக்கும் வட்ட முத்திரையை வெட்டி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். அறைந்துவிட்டேன். அவள் அழவில்லை. கத்தரிக்கோலைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு இருந்திருக்காது. ஒரு வாரமாக என் கை எனக்கே வேறு யாருடையதோ போல இருக்கிறது.

அவள் வயதில் நானும் கார்டு சேர்த்தவள்தான். அதுவும் ஜெர்மன் ராஜ குடும்பத்துக் கார்டுகள்.

நைனா ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஒரு சின்னத் தபாலாபீஸில் போஸ்ட்மாஸ்டராக இருந்தார். ஆபீஸ் என்பது முன்னறை, வீடு என்பது பின்னால் இருந்த இரண்டு அறைகள். நடுவில் ஒரு கதவு. அரக்கு உருகும் வாசனை அந்தக் கதவைத் தாண்டி எங்கள் சமையலறை வரை வரும். முத்திரை குத்தும் சத்தம் இரண்டு இரண்டாகக் கேட்கும். முதலில் மைத்தட்டில் மெத்தென்று ஒன்று, அப்புறம் கடிதத்தின்மேல் நச்சென்று ஒன்று. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழக்கம். இப்போதும் எந்தத் தபாலாபீஸுக்குப் போனாலும் அந்த இரண்டாவது சத்தத்துக்காகக் காது காத்திருக்கிறது.

ஊருக்கு வெளியே ஏரிக்கரை ஓரத்தில் மிஷன் வைத்தியசாலை. ஓட்டு வீடு, இரண்டு பெஞ்சு, ஒரு மருந்து அலமாரி, அவ்வளவுதான். அதை நடத்தியது ஒரு ஜெர்மன் துரைசாணி. நாற்பது தாண்டிய அம்மாள், தனியாக இருந்தார். பிரசவம் பார்ப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார். தமிழைப் புத்தகத்தில் படித்து வந்தவர். நாங்கள் 'இன்னா' என்கிற இடத்தில் அவர் 'என்ன' என்பார். "உன் தாயார் சுகமாயிருக்கிறார்களா?" என்று விசாரிப்பார். தபால் பை தூக்கி வரும் ஆள் என்னிடம் சொல்லுவான்: "அந்தம்மா பேசச் சொல்லோ நம்ம பேசறது தமிளான்னு சந்தேகம் வந்துடுது பாப்பா."

அந்த வருஷம் அம்மா பிள்ளையுண்டாகி இருந்தாள். எனக்குப் பின் இரண்டு பிறந்து, இரண்டும் பத்து நாள் தாண்டவில்லை. அதனால் வாரம் ஒரு தடவை துரைசாணியிடமிருந்து சிவப்பு மருந்து வரும். புட்டியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, பல் பல்லாக வெட்டின காகிதத்தைப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். அடுத்த வாரம் அந்தப் புட்டியைச் சாம்பல் போட்டு வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்து, எடுத்துக்கொண்டு போவேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அடியில் ஒரு துளி சிவப்புக்கூட இல்லையென்றால் எனக்கு ஒரு கார்டு கிடைக்கும்.

கார்டுகள் அவருடைய தங்கை அனுப்புகிறவை. சின்ன வயதில் அக்காளும் தங்கையும் சேர்ந்து ராஜ குடும்பத்துப் படங்களாகச் சேர்த்தார்களாம், ஒரே பெட்டியில். அக்காள் கடல் தாண்டி வந்த பிறகும் தங்கை விடவில்லை. ஒவ்வொரு தபாலிலும் ஒரு ராஜாவோ ராணியோ வருவார்கள். முன்பக்கம் படம், பின்பக்கம் எறும்பு வரிசை போல நெருக்கி எழுதின எழுத்து. துரைசாணி அதைப் படித்துவிட்டு, மருந்து அலமாரியில் சாய்த்து வைத்திருப்பார். என் புட்டி சுத்தமாக இருந்தால், "படித்தாயிற்று. இனி இது உனக்கு" என்று எடுத்துக் கொடுப்பார்.

நம்மில் யாரும் அப்போது அந்த மாதிரிக் காகிதத்தைத் தொட்டதில்லை. வெற்றிலைபோல வழவழப்பு. சிலதில் ஓரம் முழுக்கத் தங்கப் பூச்சு, கன்னத்தில் மட்டும் ரோஜா நிறம் தடவியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் மருந்து அலமாரி வாசனை. சக்கரவர்த்திக்கு மீசை இரண்டு பக்கமும் தேள் கொடுக்கு மாதிரி நிமிர்ந்திருக்கும். அவருடைய பிள்ளைகள் ஆறு பேரும் உயரப்படி வரிசையாக நிற்பார்கள். அந்தத் தேசத்திலேயே தெற்கே இன்னொரு ராஜ்யத்து வெள்ளைத் தாடி ராஜா எங்கள் ஊர்க் கர்ணம் சாயலில் இருப்பார். அதே வம்சத்தில் இன்னொரு ராஜா சுருட்டை முடியோடு அவ்வளவு அழகாக இருந்தார். அவர் ஏரியில் மூழ்கி இறந்துபோனார் என்று துரைசாணி சொன்னார். நீச்சல் தெரியாதா என்று கேட்டேன். "தெரியும்" என்றார். அன்றைக்குத் திரும்பி வரும்போது எங்கள் ஏரி எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

ஆடி மாதக் கடைசியில் ஐரோப்பாவில் சண்டை என்று செய்தி வந்தது. ஜெர்மன் தேசத்திலிருந்து எது வந்தாலும் பட்டுவாடா செய்யாமல் பெரிய ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்று நைனாவுக்கு உத்தரவும் வந்தது. அதற்குப் பத்து நாள் கழித்து, சண்டைக்கு முன்னால் அங்கே தபாலில் போட்ட கார்டு ஒன்று பையில் வந்து விழுந்தது. நைனா அதைப் பார்த்தார், பழக்கத்தில் கை போய் முத்திரையைக் குத்திவிட்டது. எங்கள் ஆபீஸ் பேர், அன்றைய தேதி, இரண்டும் பளிச்சென்று விழுந்துவிட்டன. இனி மேலே அனுப்பினால் ஏன் குத்தினாய் என்று கேட்பார்கள். வைத்திருந்தாலும் தப்பு. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மருந்துப் புட்டி வைத்திருந்த என் பைக்குள் போட்டார். "அவங்க கையிலே குடு. வழியிலே யாருக்கும் காட்டாதே" என்றார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் மீறிய ஒரே உத்தரவு அதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கார்டில்தான் ராஜகுமாரி இருந்தாள். ஆறு ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு சக்கரவர்த்திக்குப் பிறந்த ஒரே பெண். நகை இல்லை, நீளப் பாவாடை விரிப்பு இல்லை. சிப்பாய்ச் சட்டை, உயரமான தொப்பி, தொப்பியில் பட்டாளத்துச் சின்னமாக ஒரு மண்டை ஓடு. குதிரைமேல் இருந்தாள். நான் அதுவரை எந்தப் பெண்ணையும் குதிரைமேல் பார்த்ததில்லை.

துரைசாணி நின்றுகொண்டே படித்தார். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எல்லாரும் சுகம் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். எல்லாரும் சுகம் என்பதற்கு இத்தனை வரியா என்று நினைத்துக்கொண்டேன். பிறகு புட்டியை வெளிச்சத்தில் பார்த்தார். சுத்தமாக இருந்தது. வழக்கம்போலக் கார்டை எனக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் கடைசிக் கார்டு என்று அவருக்கும் தெரியாது.

மகாளய அமாவாசை அன்று அம்மா கொலுப்பெட்டியைத் திறந்தாள். மரப்பாச்சி ராணியைக் கரையான் அரித்திருந்தது. தூக்கினதும் இடுப்புக்குக் கீழே மண்ணாக உதிர்ந்தது. ராஜா மட்டும் கல்லுமாதிரி இருந்தார். அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்த ஜோடி. கொலு என்றாலே ராஜாவும் ராணியும் சபையில் வீற்றிருப்பதுதானே. அம்மா பெட்டி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ராணி போனதை அவள் என்னவாக எடுத்துக்கொண்டாள் என்று ஒன்பது வயதிலேயே எனக்குப் புரிந்தது.

நான் ஓடிப்போய் என் தகரப்பெட்டியை எடுத்து வந்தேன். கார்டுகளைத் தரையில் பரப்பினேன். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சக்கரவர்த்தினியின் படத்தில் கை நின்றது. சுற்றி ஏழு பிள்ளைகளும் இருந்த படம் அது.

"ஏழும் உசுரோட கீதுங்களா?" என்று கேட்டாள்.

துரைசாணி அப்படித்தான் சொன்னார் என்றேன். அம்மாவின் முகம் தெளிந்தது. எந்த ஊர் ராஜா என்று அவள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. எங்கோ வெள்ளைக்காரர்கள் சண்டை போடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். யாரோடு யார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். சொன்னால் கார்டுகள் படியேறாது என்பதும் தெரியும்.

களிமண் உருண்டையில் மூங்கில் குச்சியை நட்டு, குச்சியின் தலையைப் பிளந்து, பிளவில் கார்டைச் செருகி நிறுத்தினோம். மூன்றாம் படி முழுக்க ஜெர்மன் ராஜ குடும்பம். நடுவில் சக்கரவர்த்தி, பக்கத்தில் சக்கரவர்த்தினி, ஓரத்தில் என் ராஜகுமாரி. கலசம் வைத்தாயிற்று. எங்கள் வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. கலசம் வைத்த பிறகு படியில் உட்கார்ந்தவர்களை விஜயதசமி ராத்திரி படுக்க வைக்கும் வரை எழுப்பக்கூடாது. துடைக்கக்கூடத் தொடமாட்டாள் அம்மா.

முதல் மூன்று நாளும் ஊர்ப் பெண்கள் வந்து பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனார்கள். பால்காரம்மா சுண்டலை மடியில் கட்டிக்கொண்டு மூன்றாம் படியையே பார்த்தாள். "ஏழு பெத்தவளா இவ? இடுப்பப் பாத்தா ஒண்ணு பெத்த மாரிகூட தெர்லியே" என்றாள். அம்மா சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நாலாம் நாள் காலை தபால் பை நேரத்துக்கு வரவில்லை. வெயில் ஏறின பிறகு பைக்காரன் மூச்சு வாங்க வந்தான். "அய்யா, தொறமொகத்துல எண்ணெத் தொட்டி எரியுது. ஜெர்மன்காரன் கப்பல் ராவுல வந்து சுட்டுட்டுப் பூட்டான். பட்டணமே மூட்டையக் கட்டிகினு வருது" என்றான். அவன் சொல்லி வாய் மூடுமுன் முதல் வண்டி வந்தது. அப்புறம் சாயங்காலம்வரை ஓயவில்லை.

மத்தியானம் அம்மாவின் அண்ணன், துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர், குடும்பத்தோடு வந்து இறங்கினார். அவசரத்தில் கையில் கிடைத்ததை எடுத்து வந்திருந்தார். ஒரு சுவர்க் கடியாரம், இரண்டு கட்டில் கால். மற்ற இரண்டு காலும் கட்டிலும் பட்டணத்தில். சாப்பிட்டுவிட்டுக் கொலு முன்னால் உட்கார்ந்தவர், கையில் இருந்த சுண்டலை வாயில் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"ராஜா."

"எந்த ஊரு ராஜா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நேத்து என் ஊட்டு மேல குண்டு போட்டவன்" என்றார் மாமா. "அவன் குடும்பத்துக்கே சுண்டல் வச்சிகினு கீறே."

நைனா நடுக்கதவைத் திறந்துகொண்டு வந்தார். அந்த வருஷம் அவர் கொலுவைப் பார்த்தது அப்போதுதான். நேராக ஓரத்தில் இருந்த ராஜகுமாரியிடம் போய்க் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார். அவருடைய முத்திரை அங்கே இருந்தது. நிமிர்ந்தபோது உதடு வெளுத்திருந்தது. இப்போதே எல்லாவற்றையும் எடுத்து அடுப்பில் போடு என்றார். அம்மா மாட்டேன் என்றாள். வேலை போய்விடும், ஜெயில்தான் என்றார். பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் ராணியை நடுவில் எழுப்பினால் என் வயிற்றில் இருப்பது தங்காது என்றாள் அம்மா. அதை அவள் சத்தம் போடாமல் சொன்னாள். நைனா அவள் வயிற்றைப் பார்த்தார்.

எடுக்கத்தானே கூடாது, குச்சியோடு அப்படியே திருப்பி வைக்கலாமே என்று மாமா ஒரு யோசனை சொன்னார். நானே திருப்பினேன். பின்பக்கத்து ஜெர்மன் எழுத்தெல்லாம் வரிசையாக எங்களைப் பார்த்தது. "வேணாம், மூஞ்சே தேவல" என்றார் மாமா. நைனாகூட அந்தக் கலவரத்தில் சிரித்துவிட்டார். கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். மரப்பாச்சிக்கு உடுத்தும் பட்டுத் துணுக்குகளை எடுத்து, ஓரத்தில் சோற்றுப் பசை தொட்டு, சக்கரவர்த்தியின் தலையில் தலைப்பாகை கட்டினாள். கண்மையால் மீசையைக் கீழ்நோக்கி இறக்கினாள். நெற்றிக்கு நாமம். சக்கரவர்த்தினிக்குச் சேலையும் குங்குமமும். ராஜகுமாரியின் தொப்பியிலிருந்த மண்டை ஓட்டை மஞ்சள் பட்டு மூடியது, குதிரைமேல் நீலப் பாவாடை விழுந்தது. அரை மணி நேரத்தில் அவர்கள் வடக்கே ஏதோ சமஸ்தானத்துக் குடும்பம் ஆகிவிட்டார்கள். என் கார்டெல்லாம் பாழானதே என்று நான் அழுதேன். இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் இருக்கிறார்களே, அது போதாதா என்றாள் அம்மா.

அதற்குள் ஊரில் துரைசாணியைப் பற்றிப் பேச்சு முளைத்திருந்தது. ஏரிக்கரைப் பனைமரத்தில் விளக்குக் கட்டிக் கப்பலுக்கு வழி காட்டினாராம். அந்த விளக்கு இத்தனை மைல் தாண்டிக் கடலுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அவர் கையால் பிறந்த பிள்ளைகளின் தாய்மார்களே கேட்கவில்லை. வைத்தியசாலைப் பெஞ்சில் யாரும் இல்லை. எங்கள் வீட்டிலும் என்னை அனுப்பவில்லை. கழுவின புட்டி ஜன்னலில் கவிழ்ந்தபடியே இருந்தது.

ஏழாம் நாள் மத்தியானம் அவரே வந்தார். வருஷா வருஷம் கொலுவுக்கு வருகிறவர்தான், அந்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை. அம்மா மணை போட்டாள். வெற்றிலை பாக்கு எடுத்து வைத்தாள். துரைசாணி படிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாம் படியில் தலைப்பாகையும் நாமமுமாகத் தம் சக்கரவர்த்தியைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அந்தத் தண்ணீர் மட்டும் மிஞ்சியது, சிரிப்பு இல்லை. ராஜகுமாரியைக் காட்டினார்.

"அந்த ஒன்று எனக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, அம்மா. என் தங்கையின் கடைசி எழுத்து அதில் இருக்கிறது. அப்போது இரண்டு தடவைதான் படித்தேன்."

அம்மா துரைசாணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு நாள்தானேம்மா. தசமி ராத்திரி படுக்க வச்சிட்டு, விடிஞ்சதும் பொண்ணுகிட்ட குடுத்தனுப்பறேன். நடுவுல எழுப்ப எனக்கு பயமா கீது" என்றாள்.

துரைசாணி அம்மாவின் வயிற்றைப் பார்த்தார். "ஆம். மூன்று நாள்தான்" என்றார். அம்மாவை உள்ளே அழைத்துப்போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை சரியாகப் படுத்திருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நடுக்கதவு ஒரு விரல் திறந்திருந்தது. நைனா அங்கே நின்றது எனக்குத் தெரியும். அவர் வெளியே வரவில்லை. தம் முத்திரை விழுந்த கார்டு அந்த அம்மாள் பெட்டியில் இருப்பதைவிட எங்கள் அடுப்பில் எரிவது நல்லது என்று அவருக்குப் பட்டிருக்கும். எனக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இன்னும் மூன்று நாள் ராஜகுமாரி என்னுடையவள்.

சரஸ்வதி பூஜை அன்று காலை பைக்காரன் வந்து, மிஷன் வீட்டு வாசலில் போலீஸ்காரர் வண்டியோடு நிற்கிறார், ஒரு பெட்டிதான் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றான். அம்மா கொல்லையில் இருந்தாள். நான் போய்க் கொலு முன்னால் நின்றேன். ராஜகுமாரியைக் குச்சியிலிருந்து உருவினேன். நீலப் பட்டைப் பிரித்தேன். தகரப்பெட்டியில் மீந்திருந்த ஒரு தடித்த பிரபுவை எடுத்து, அவருக்கு அந்தப் பாவாடையையும் மஞ்சள் துணியையும் ஒட்டி, அதே குச்சியில் செருகினேன். கலசம் வைத்த கொலுவில் உட்கார்ந்தவளை எழுப்பிவிட்டேன் என்று தெரிந்தே செய்தேன். கார்டை என் பாவாடை மடிப்பில் சொருகிக்கொண்டு ஓடினேன்.

ஏரிக்கரைப் புளியமரத்தருகே வண்டி நின்றது. துரைசாணி ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் குடை. போலீஸ்காரர் வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். பத்து அடி இருக்கும். கார்டு என் கையில் இருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன்.

போலீஸ்காரருக்குப் பயந்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். நைனாவின் முத்திரையை நினைத்தேன் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் ஓடிவந்த வேகத்தில் கொடுத்திருப்பேன். நின்றதும்தான் பார்த்தேன், குதிரைமேல் அவள் அவ்வளவு அழகாக இருந்தாள்.

துரைசாணி என்னைப் பார்த்துவிட்டார். நான் எதற்கு வந்தேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எப்போதும் எதற்கு வருவேனோ அதைத்தான் நினைத்திருப்பார்.

"புட்டியைக் கழுவினாயா?" என்றார்.

தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். வண்டி கிளம்பிவிட்டது.

விஜயதசமி ராத்திரி அம்மா எல்லாரையும் படுக்க வைத்தாள். மறுநாள் காலை நைனா மூன்றாம் படியை அப்படியே வாரி வெந்நீர் அடுப்பில் போட்டார். ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. பசையில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தங்க ஓரங்கள் முதலில் சுருண்டன. தடித்த பிரபு நீலப் பாவாடையோடு எரிந்தார். ராஜகுமாரி கொலுப்பெட்டியின் அடிக்காகிதத்துக்குள் இருந்தாள்.

அதற்கப்புறம் மூன்று மாதம் நான் பட்டதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா இடுப்பைப் பிடித்தால் எனக்கு உயிர் போகும். ராத்திரி அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். என்னால்தான், நான் எழுப்பியதால்தான் என்று. மார்கழியில், பக்கத்து ஊர் மருத்துவச்சி கையில், தம்பி பிறந்தான். வீடு அதிர அழுதான். பத்து நாள் தாண்டியது, நூறு நாள் தாண்டியது. பெரியவனாகி அவன் ஏதாவது வம்பு செய்துவிட்டு வரும்போதெல்லாம் அம்மா சொல்லுவாள்: "ஒருத்தரையும் எழுப்பாம ஒம்போது நாள் காத்தேன்டா. அதான் நீ நின்னே." கடைசிவரை அப்படியே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். நான் சொல்லவில்லை. நைனாவின் முத்திரையைப் பற்றியும் யாரும் ஒருநாளும் வந்து கேட்கவில்லை. ஆக, ஏழாம் நாளே எடுத்துக் கொடுத்திருக்கலாம். தம்பி பிறந்துதான் இருப்பான். நைனா வேலையில்தான் இருந்திருப்பார். துரைசாணியைக் கப்பல் ஏற்றினார்கள் என்று சொன்னார்கள், வடக்கே வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். சண்டை முடிந்ததும் விசாரித்தேன். வைத்தியசாலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அவர் பேர்கூடத் தெரியவில்லை.

தம்பிக்கு மட்டும் சொன்னேன், அவனுக்குப் பன்னிரண்டு வயதில். கார்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, துரைசாணித் தமிழில் படித்துக் காட்டினான்: "அன்புள்ள அக்காளே, இந்தக் கடிதத்தை ஒரு திருடி வைத்திருக்கிறாள், அவளை நம்பாதே." பட்டாளத்துக்குப் போகிறவரை என்னை அக்கா என்று கூப்பிட்டதைவிட 'திருட்டு ராஜகுமாரி' என்று கூப்பிட்டதுதான் அதிகம்.

அவனுடைய கார்டில் ஏழு வரிக்குத்தான் இடம். உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிர்தான், என் மகள் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள் என்று ஐந்து வரி. மீதி இரண்டு வரி இது: "இங்கே ஒரு கிழட்டுக் காவலாளி எனக்கு ஜெர்மன் எழுத்துச் சொல்லித் தருகிறார். பழைய கையெழுத்தும் படிக்க வருகிறது. ராஜகுமாரியைப் பத்திரமாக வை, வந்து படித்துக் காட்டுகிறேன்."

என் மகள் வெட்டிக்கொள்ளக் கேட்ட வட்ட முத்திரை, அந்த இரண்டு வரிக்கு நேர் பின்னால் இருக்கிறது.

நேற்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். இரண்டு கார்டையும் அவள் கையில் கொடுத்தேன். தன் மாமாவின் கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரைக்குப் பின்னால் எழுத்து தெரிகிறதா என்று பார்த்தாள். ராஜகுமாரியை ரொம்ப நேரம் பார்த்தாள். சோற்றுப் பசை காய்ந்த இடம் இன்னும் மஞ்சளாக இருக்கிறது. அம்மாவின் கொலுப்பெட்டி இப்போது என்னிடம்தான். அடுத்த மாதம் நவராத்திரி. ராஜகுமாரியைப் படியில் வைக்கலாமா என்று கேட்டாள். வைக்கலாம் என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"வச்சா எடுக்கக் கூடாதில்ல? நடுவுல மாமா வந்துட்டா?"

"எடுத்துக் கொடுத்துவிடலாம்" என்றேன். "யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடலாம்."